மீன் தொட்டிக்கு அலை செய்வது எப்படி (என் தப்புகளையும் சேர்த்து)

எங்கள் வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மீனைத்தான் பார்ப்பார்கள். ரெண்டு நிமிஷம் கழித்துத்தான் தண்ணீரைக் கவனிப்பார்கள். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கும், ஊஞ்சல் மாதிரி. "இது எப்படி சார் தானா ஆடுது?" என்பது அடுத்த கேள்வி. தானாக ஆடவில்லை. அதை ஆட வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. நடுவில் ஒரு மீனும் ரெண்டு இறாலும் என்னால் செத்தன. அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், மீன் தொட்டிக்கு அலை எதற்கு?

ஒரு டம்ளர் காப்பியில் சர்க்கரையைப் போட்டு ஆற்றாமல் வைத்துப் பாருங்கள். அடியில் அப்படியே கிடக்கும். சர்க்கரையை ஒட்டியிருக்கும் மெல்லிய ஏட்டுக்குள் இனிப்பு நிறைந்துவிடும். அதற்கு வெளியே கசப்புதான். கடலடியில் பாறையில் ஒட்டி வாழும் உயிர்களுக்கும் இதே கதி. அவற்றால் எழுந்து நடக்க முடியாது. உடம்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவோ சில மில்லிமீட்டரோ தடிமனில், அசையாத நீரேடு ஒன்று இருக்கும். உள்ளே வரவேண்டிய ஆக்சிஜனும் வெளியே போகவேண்டிய கழிவும் அந்த ஏட்டை ஊர்ந்துதான் கடக்கவேண்டும். வெளியே தண்ணீர் வேகமாக ஓடினால் ஏடு மெலியும், போக்குவரத்து சுலபமாகும். கடலில் அந்த வேலையை அலை செய்கிறது. தொட்டியில் நாம்தான் செய்யவேண்டும்.

சரி, ஒரு பம்பைப் போட்டு ஒரே திசையில் ஓடவிட்டால் போதாதா? போதாது. ஒரே திசையில் பீய்ச்சினால் தண்ணீர் ஒரு வழக்கமான பாதையைப் பிடித்துக்கொள்ளும். பாறைக்குப் பின்னால் ஓட்டமே இல்லாத மூலைகள் உருவாகும். மீன் கழிவு அங்கே போய்ச் சேர்ந்து அழுகும். எங்கள் கடற்சாமந்தி, அதாவது அனிமோன், காற்றில் சாய்ந்த பயிர் மாதிரி ஒரு பக்கமாகவே படுத்துக்கிடந்தது. திசை மாறி மாறி அடித்தால்தான் எல்லா மூலைக்கும் தண்ணீர் போகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரியில் நிற்கும். அந்த வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீரால் 6.4 தான் முடியும். உப்பு கூடினாலும் சூடு கூடினாலும் ஆக்சிஜன் குறையும். கடல்நீர்த் தொட்டி எப்போதும் கொஞ்சம் மூச்சுத் திணறலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்பரப்பு குலுங்கிக்கொண்டே இருந்தால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்கும். இந்தப் பத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொட்டியில் பவளம் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கல் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-ல் நம்முடைய 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்திருக்கிறோம். மிச்சம் இருப்பது அங்கேயே இருக்கட்டும். எங்களிடம் இருந்தது ஒரு கடற்சாமந்தி, ஒரு ஜோடி கோமாளி மீன், ரெண்டு இறால். கோமாளி மீன் கடலில் பிடித்தது அல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டியிருக்கின்றன.

முதல் முயற்சியில் எலக்ட்ரானிக்ஸே கிடையாது. ஹவாயில் வைக்கிக்கி மீன்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த புரூஸ் கார்ல்சன் ஒரு எளிய கருவியை வடிவமைத்தார். தொட்டிக்கு மேலே ஒரு வாளி, வாளிக்குள் தலைகீழ் 'ப' வடிவத்தில் ஒரு குழாய். சின்ன பம்ப் ஒன்று வாளியை நிரப்பிக்கொண்டே இருக்கும். நீர்மட்டம் குழாயின் வளைவைத் தாண்டியதும் வாளி முழுவதும் சில வினாடியில் மடமடவென்று தொட்டிக்குள் கொட்டிவிடும். பிறகு மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். நம்ம ஊர் வசுதேவர் கிண்ணம் பார்த்திருப்பீர்கள், கண்ணன் காலில் தண்ணீர் பட்டதும் வடிந்துவிடுமே, அதே தத்துவம்தான். 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றை அறுத்து நானும் செய்தேன். வேலை செய்தது. ஒவ்வொரு தடவையும் கழிவறைத் தொட்டி ஃப்ளஷ் பண்ணுகிற சத்தம். சுவரெல்லாம் உப்புத் தெறிப்பு. ஒரு வாரத்தில் டிவியின் பின்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வீட்டில் சொன்னதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

அடுத்து, பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று நினைத்தேன். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சாதாரண 230 வோல்ட் பம்பை ஃபேன் ரெகுலேட்டரோடு சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் குறைத்தால் அதே வேகம், இன்னும் குறைத்தால் "ங்ங்ங்" என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். பி.இ. படித்தவன் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இந்தப் பம்புக்குள் இருப்பது நிரந்தரக் காந்தம் பொருத்திய சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரம் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்த் திரும்புகிறது, காந்தமும் அதோடு கைகோத்து 50 சுற்று சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 3000. வோல்டேஜைக் குறைத்தால் பிடியின் பலம் குறையுமே தவிர வேகம் குறையாது. பிடி ரொம்பத் தளர்ந்தால் கை விட்டுப்போய் நின்றுவிடும். ஃபேனுக்குள் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அது வேறு ஜாதி. ஆகவே இந்தப் பம்பை ஒன்று போடலாம், இல்லை அணைக்கலாம். நடுவில் எதுவும் கிடையாது.

அப்படியானால் போட்டு அணைப்போம். தொட்டியின் இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு பம்ப். 30 வினாடி இடது, 30 வினாடி வலது. ரிச்சி தெருவில் ஒரு ஆர்டுவினோ நானோவும் ஒரு ரிலேவும் வாங்கிவந்தேன். ரிலேவில் நடுவில் ஒரு நாக்கு, இரண்டு பக்கமும் இரண்டு முனை. நாக்கு ஒரு முனையைத் தொட்டால் இடது பம்ப், இன்னொன்றைத் தொட்டால் வலது பம்ப். போர்டு செத்துப்போனாலும் நாக்கு ஏதாவது ஒரு பக்கம் தொட்டுக்கொண்டுதானே இருக்கும், ஆகவே ஒரு பம்ப் எப்போதும் ஓடும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

நிரல் எழுத ஒரு சாயங்காலம்தான் ஆனது. இருபது வருஷமாக இதுதானே பிழைப்பு. ரிலேவின் ஆயுளைக்கூட கணக்குப் பார்த்தேன். சின்ன ரிலேக்களுக்கு முழுச் சுமையில் ஒரு லட்சம் தடவை என்று போட்டிருப்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்றால் நாளைக்கு 1440, ஒரு லட்சம் முடிய 69 நாள். பம்ப் இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால் அதிகமாகவே வரும், இருந்தாலும் எதற்கு வம்பு என்று ரிலேவை சாக்கெட்டில் வைத்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மாற்றினேன். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். எட்டு மாசம் பிரமாதமாக ஓடியது.

எட்டாவது மாசம் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கினோம். தொட்டியையும் அதில் இணைத்தேன். இனிமேல் கரண்ட் போனாலும் மீனுக்குக் கவலை இல்லை.

அதற்குச் சுமார் ஐம்பது நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் திருநெல்வேலி போயிருந்தோம். திரும்பிவந்து கதவைத் திறந்ததும் நாற்றம். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. கோமாளி மீன் ஜோடியில் பெரியது மிதந்துகொண்டிருந்தது. இறால் ரெண்டும் போய்விட்டன. சின்ன மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடற்சாமந்தி எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயசு. பெரிய மீனுக்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தாள், சின்னதற்கு 'குட்டி'. "நீங்கதானேப்பா பம்ப் எப்பவும் நிக்காதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன்தான்.

வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, பாதித் தண்ணீரை மாற்றி, இரவு முழுக்க அந்த வேலைதான். மறுநாள் ரிலேவைக் கழற்றி உடைத்துப் பார்த்தேன். நாக்கின் நுனி கருகி, வளைந்து, எந்தப் பக்கமும் தொடாமல் நடுவில் நின்றது. எந்த ஒரு சாமான் காரணமாக "எப்போதும் ஒன்று ஓடும்" என்று நம்பினேனோ, அந்தச் சாமானே போனால் இரண்டும் நிற்கும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஆனால் ரிலே ஏன் கருகியது? மாற்றி ஐம்பது நாள்தான் ஆகியிருந்தது. இன்வெர்ட்டரில் இணைத்த அன்றைக்குத்தான் புதுசு போட்டேன். ஐம்பது நாள். இந்த எண் இரண்டு நாள் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஆபீஸ் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, பளிச்சென்று புரிந்தது. அங்கேயே வண்டியைத் திருப்பலாமா என்று தோன்றியது.

ஆர்டுவினோவில் 'மில்லிஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. போர்டு உயிர் பெற்றதிலிருந்து எத்தனை மில்லிவினாடி ஆகியிருக்கிறது என்று சொல்லும். அது 32 பிட் எண். 4294967295 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்குப் போகும், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டியதும் 00000 ஆகிற மாதிரி. அத்தனை மில்லிவினாடி என்பது 49.7 நாள்.

என் நிரல் எழுதியிருந்த விதம் இது: "அடுத்து மாற்றவேண்டிய நேரம் = இப்போதைய நேரம் + 30000. இப்போதைய நேரம் அதைத் தாண்டிவிட்டால் ரிலேவை மாற்று." பார்க்க ஒரு தப்பும் தெரியாது. ஆனால் மீட்டர் சுழியத்துக்குத் திரும்ப இன்னும் 7 வினாடி இருக்கும்போது 30 வினாடியைக் கூட்டினால் விடை மேலே வழிந்து 23000 போல ஒரு சின்ன எண்ணாகிவிடும். இப்போதைய நேரமோ 429 கோடி. "தாண்டிவிட்டதா?" தாண்டிவிட்டது, மாற்று. மறுபடி கூட்டு, மறுபடி சின்ன எண், மறுபடி மாற்று. என் நிரலில் ஒவ்வொரு சுற்றுக்கும் 50 மில்லிவினாடி இடைவெளி இருந்தது. அதாவது மீட்டர் திரும்புகிற வரை ரிலே வினாடிக்கு 20 தடவை படபடவென்று அடித்துக்கொள்ளும். எந்தக் கணத்தில் மாட்டுகிறது என்பதைப் பொறுத்து இது அதிகபட்சம் 30 வினாடி நீடிக்கும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும், தடயமே இருக்காது.

சரி, முந்தைய எட்டு மாசம் ஏன் நடக்கவில்லை? எங்கள் ஏரியாவில் 49 நாள் தொடர்ச்சியாகக் கரண்ட் இருந்ததே இல்லை. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் மீட்டர் சுழியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் பிழையை இத்தனை நாள் காப்பாற்றி வந்தது மின்வெட்டுதான். மீனுக்குப் பாதுகாப்பு என்று நான் வாங்கிவைத்த இன்வெர்ட்டர் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது.

சந்தேகத்தைத் தீர்க்க மேஜையில் சோதனை செய்தேன். அந்தக் கணக்கு நினைவகத்தில் 'டைமர்0_மில்லிஸ்' என்ற மாறியில் இருக்கிறது. அதன் ஆரம்ப மதிப்பை எல்லைக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தால் 49 நாள் காத்திருக்க வேண்டாம், ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வாளித் தண்ணீரில் பம்பைப் போட்டு ஓட்டினேன். எதிர்பார்த்தபடியே ரிலே வெட்டுக்கிளி மாதிரி அடித்தது. புது ரிலே பத்துத் தடவையும் தாங்கிக்கொண்டது. டப்பாவில் போட்டுவைத்த பழைய ரிலேக்களில் ஒன்று மூன்றாவது தடவையில் நாக்கு சிக்கி நின்றது. ஆக, என் பிழை மட்டுமே கொன்றது என்று சொல்ல முடியாது; ஐம்பது நாள் தேய்மானமும் பிழையும் சேர்ந்து நடந்திருக்கிறது. பம்பில் இருப்பது கம்பிச்சுருள், ஒவ்வொரு தடவை துண்டிக்கும்போதும் பொறி பறக்கும். அந்தப் பொறியை உறிஞ்ச 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் தொடராக ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடுவது வழக்கம். அதையும் நான் போடவில்லை.

நிரலில் திருத்தம் ஒரே வரிதான். கூட்டி ஒப்பிடக்கூடாது, கழித்து ஒப்பிட வேண்டும். "இப்போதைய நேரத்திலிருந்து கடைசியாக மாற்றிய நேரத்தைக் கழி, அது 30000-க்குக் குறையாமல் இருந்தால் மாற்று." குறியில்லாத எண்களில் கழித்தல், மீட்டர் சுழியத்தைத் தாண்டினாலும் சரியான விடையைத் தரும். இதைப் புதிதாக வேலைக்குச் சேரும் பசங்களிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

இனி நிஜமான அலைக்கு வருவோம்.

அதுவரை நான் செய்தது திசை மாறும் ஓட்டம். தண்ணீர் ஊஞ்சலாட வேண்டும் என்றால் வேறு வழி. ஊஞ்சலை ஆட்டும்போது பலமாகத் தள்ளுவதைவிடச் சரியான நேரத்தில் தள்ளுவதுதான் முக்கியம். தொட்டித் தண்ணீருக்கும் தனக்கென்று ஒரு ஊஞ்சல் நேரம் உண்டு. ஏரிகளுக்கும் உண்டு. ஜெனீவா ஏரியின் தண்ணீர் இப்படிக் கரைக்குக் கரை ஆடுவதைச் சுவிட்சர்லாந்தின் ஃபோரெல் 19-ம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்தார். அதற்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் செய்ஷ். ஜெனீவா ஏரி ஒரு தடவை ஆடித் திரும்ப ஏறக்குறைய 74 நிமிஷம் ஆகும். அதற்கான சூத்திரத்தை 1828-லேயே மேரியன் என்பவர் கொடுத்துவிட்டார்: நீளத்தின் இரு மடங்கை, ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு ஆட்டத்தின் நேரம்.

என் தொட்டி 1.2 மீட்டர் நீளம், தண்ணீர் ஆழம் 0.5 மீட்டர். சூத்திரத்தில் போட்டால் 1.08 வினாடி. அந்த நேரத்துக்கு பம்பை ஓட்டினேன். தண்ணீர் கலங்கியதே தவிர ஆடவில்லை. மூன்று நாள் சாயங்காலம் வீணாகப் போனது. நாலாம் நாள், பம்பை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒரு ஓரமாகத் தண்ணீரில் மெல்ல அமுக்கி அமுக்கி ஆட்டத்தைக் கிளப்பினேன். கையை எடுத்துவிட்டு ஃபோனில் நேரம் பார்த்தேன். 20 ஆட்டத்துக்கு 26.4 வினாடி, ஒன்றுக்கு 1.32. சூத்திரம் சொன்னதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

சூத்திரத்தில் தப்பில்லை. அது நீளத்தோடு ஒப்பிட்டால் ஆழம் ரொம்பக் குறைவாக இருக்கும் தண்ணீருக்கானது. ஏரி அப்படித்தான், ஒரு தாம்பாளத் தண்ணீர் மாதிரி. தொட்டியோ கிட்டத்தட்ட பெட்டி. ஆழம் கூடும்போது ஹைபர்பாலிக் டான்ஜென்ட் என்ற திருத்தத்தைச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் 1.33 வினாடி வருகிறது. பலகையும் கணக்கும் ஒத்துப்போனபோது இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. நீங்கள் செய்வதாக இருந்தால் கணக்கெல்லாம் வேண்டாம், பலகையும் ஃபோனும் போதும். தண்ணீர் ஆவியாகி 2 சென்டிமீட்டர் இறங்கினால்கூட நேரம் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறும், கவலைப்பட வேண்டாம்.

1.33 வினாடிக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 65,000 தடவை. ரிலேவின் ஒரு லட்சம் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். சாதாரண பம்பும் தாங்காது. ஆகவே 24 வோல்ட் டிசி பம்புக்கு மாறினேன். சிலவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 0 முதல் 10 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும் ஒரு துளை இருக்கும். எத்தனை வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்ற வேகம்.

ஆர்டுவினோ தருவது 5 வோல்ட் துடிப்புகள், வினாடிக்கு 490. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் வழியாக விட்டால் துடிப்பு அடங்கி வழவழப்பான வோல்டேஜ் ஆகிவிடும். மிச்சம் இருக்கும் நடுக்கம் 25 மில்லிவோல்ட் அளவுதான். அதை எல்எம்358 ஆப்-ஆம்ப் இரண்டு மடங்காக்கும். ஒரே மதிப்பில் இரண்டு ரெசிஸ்டர் போட்டால் சரியாக இரண்டு மடங்கு. ஐசிக்கு 12 வோல்ட் கொடுக்கவேண்டும், 10 வோல்ட் கொடுத்தால் உச்சிக்கு எட்டாது. இவ்வளவுதான் சர்க்யூட். பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் 30 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் நடுவில் சைன் வளைவாக ஏற்றி இறக்குகிறேன். ஒரே பம்ப் என்றால் நேரம் மட்டும் சரியாக இருந்தால் போதும், தண்ணீர் தானே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். இரண்டு முனையில் இரண்டு என்றால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கவேண்டும், அவ்வளவே.

பத்து நிமிஷத்தில் தண்ணீர் ஆட ஆரம்பித்தது. ஓரத்தில் ஏற்ற இறக்கம் 5 சென்டிமீட்டர். மகளும் நானும் கை தட்டினோம். மூன்றாம் நாள் கீழ் வீட்டு மாமா வந்தார். "தம்பி, ராத்திரி எல்லாம் மேலே ஏதோ மாவு ஆட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு கேக்குதே?"

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தொட்டியில் 270 லிட்டர். ஓரத்தில் நடுமட்டத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் மேலேயும் கீழேயும் போனால் மொத்தத் தண்ணீரின் எடைமையம் இடமும் வலமும் 1.2 சென்டிமீட்டர் நகர்கிறது. அதைத் தடுத்து நிறுத்தித் திருப்ப, தொட்டியும் ஸ்டாண்டும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 75 நியூட்டன் விசையைத் தாங்கவேண்டும்; ஏழரை கிலோ எடையால் இடிப்பதற்குச் சமம். நாளைக்கு 65,000 தடவை இடது, 65,000 தடவை வலது. கண்ணாடியை ஒட்டியிருப்பது வெறும் சிலிகான் பசை. என் பிளைவுட் ஸ்டாண்டுக்குக் குறுக்குச் சட்டமே கிடையாது. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இரும்பு ஸ்டாண்டு அடித்து, குறுக்குச் சட்டம் கொடுத்து, அடியில் ரப்பர் வைத்த பிறகுதான் மறுபடி ஓட்டினேன். இப்போது ஏற்ற இறக்கம் 2 சென்டிமீட்டரைத் தாண்ட விடுவதில்லை. மாமாவிடமிருந்து புகார் இல்லை. இந்த அலையைச் செய்ய நினைக்கிறவர்கள் தயவுசெய்து முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள், பிறகு சர்க்யூட்டைப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த ஆட்டத்தில் ஓரங்களில் தண்ணீர் மேலும் கீழும்தான் போகிறது. நடுவில்தான் இடமும் வலமும் ஓடுகிறது. கடற்சாமந்தி நடுவில் இருந்ததால் அழகாக அசைந்தது, ஆனால் கழிவெல்லாம் இரண்டு ஓரத்திலும் போய்ச் சேர்ந்தது. அதோடு இது கடல் அலையின் நகலும் அல்ல. கடற்கரையில் நின்று எண்ணிப் பாருங்கள், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே பெரும்பாலும் 5 முதல் 15 வினாடி இருக்கும். ஆகவே நாள் முழுக்க ஊஞ்சல் கிடையாது. பத்து நிமிஷம் ஊஞ்சல், அரை மணி நேரம் ஒழுங்கில்லாமல் கூடிக் குறையும் ஓட்டம், இரவில் மெதுவாக. எந்தப் பக்க பம்ப் ஓங்கி அடிக்கவேண்டும் என்பதை மட்டும் 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக மாற்றுகிறேன். அது கடலில் ஓதம் ஏறி இறங்கும் கணக்கு. மீனுக்கு இதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதுகாப்புக்கு மூன்று அடுக்கு வைத்திருக்கிறேன். என் பம்பில், கட்டுப்பாட்டுக் கேபிளைக் கழற்றினால் பெட்டியில் குறித்துவைத்த வேகத்தில் தானாக ஓடும். ஆனால் கேபிள் மாட்டியிருந்து 0 வோல்ட் வந்தால் நின்றுவிடும். போர்டு மயங்கிவிழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, நடுவில் ஒரு குட்டி ரிலே வைத்தேன். நிரல் உயிரோடு இருக்கும்வரை துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு ஒரு கெபாசிட்டர், இரண்டு டையோடு வழியாகப் போய் ரிலேவைப் பிடித்து வைக்கும். போர்டு எந்த நிலையில் உறைந்தாலும் துடிப்பு நிற்கும், கெபாசிட்டர் வடியும், ரிலே விட்டுவிடும், கேபிள் துண்டாகும், பம்ப் ஓடும். இரண்டாவது, போர்டுக்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக். 8 வினாடி பதில் இல்லையென்றால் தானே மறுதொடக்கம் செய்யும். மூன்றாவது, பழைய 230 வோல்ட் பம்ப் ஒன்று. எந்தக் கணினியும் இல்லாமல் நேராக பிளக்கில். இதுதான் எனக்கு நிம்மதியான தூக்கம் தருகிறது.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும் என்பதால் தொட்டி லைனுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகவேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். சர்க்யூட் போர்டைத் தொட்டிக்கு மேலே வைக்காதீர்கள். ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரை அலை உயரம் அளக்க மேலே வைத்தேன், ரெண்டு மாசத்தில் உப்புப் பூத்துச் செத்தது.

குட்டி பிழைத்துக்கொண்டது. கோமாளி மீன்களில் ஜோடியின் பெரியது பெண்; அது இறந்தால் ஆண் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறும். பிறகு அதைவிடச் சின்ன மீன் ஒன்றை வாங்கிவிட்டோம். ஒரு வருஷத்துக்குள் குட்டி அதைவிட ஒரு மடங்கு பெரிதாகி, அதை அதட்டிக்கொண்டு திரிந்தது. "இனிமே குட்டிதான் மேடம்" என்று மகள் பெயரை மாற்றிவிட்டாள்.

தொட்டி போர்டில் இப்போது கணக்கு சுழியத்தில் ஆரம்பிப்பதில்லை. மீட்டர் திரும்புவதற்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால் ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை போர்டை ஆன் செய்யும்போதும் அந்த ஒரு நிமிஷம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.